உப்புக்காற்றில் எது எத்தனை வருஷம் தாங்கும்?

பெயின்ட் டப்பாவில் 7 வருஷம் என்று போட்டிருக்கும். தண்ணீர் டேங்கில் 10 வருஷம். ஜன்னல் கம்பெனி கொடுக்கும் அட்டையில் 25 வருஷம். இதையெல்லாம் அப்படியே நம்பி கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ வீடு கட்டினால், மூன்றாம் வருஷமே கணக்கு உதைக்கும். அந்த எண்கள் பொய் இல்லை, கடல் இல்லாத ஊருக்கு எழுதியவை. இன்னொன்றும் உண்டு. அவை பொருளின் ஆயுளைச் சொல்கின்றன. அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் ஸ்க்ரூ, வாஷர், கீல், கம்பி இவற்றின் ஆயுளைச் சொல்வதில்லை. நம் கரையில் ஒரு பொருள் வீணாவது பெரும்பாலும் அந்தச் சின்னச் சாமானால்தான்.

வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை முதலில் பாருங்கள். அலையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருந்தால் கீழே சொல்லும் எண்களில் சின்னதை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சக்குப்பம், முதலியார்பேட்டை மாதிரி ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி என்றால் நடுவில் ஒரு எண். நெல்லிக்குப்பம், வில்லியனூர் என்று உள்ளே போய்விட்டால் பெரிய எண். ஒரே வீட்டிலும் நாலு பக்கமும் ஒன்றில்லை. கொண்டல் காற்று உப்பைக் கொண்டுவந்து அப்புவது கிழக்குச் சுவரில். ஐப்பசி, கார்த்திகை மழை சாய்வாக அடிப்பது வடக்கிலும் கிழக்கிலும். மேற்குச் சுவருக்கு வெயில்தான் எதிரி. வீடு முழுக்க ஒரே பெயின்ட் அடித்தாலும் கிழக்குப் பக்கம் முதலில் போவது இதனால்தான். நாலு பக்கத்தையும் ஒரே நாளில் அடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கிழக்கை மட்டும் ஒரு சுற்று கூடுதலாக அடிப்பதுதான் சிக்கனம்.

கம்பிக்கு வெளியே எத்தனை மில்லி

ஒழுங்காகப் போட்ட கான்கிரீட் 50, 60 வருஷம் நிற்க வேண்டும். ஆனால் கடற்கரைத் தெருக்களில் 15 வருஷத்திலேயே சன்ஷேடு உதிர்ந்து கம்பி எட்டிப் பார்க்கிறது. சிமென்ட் பிராண்டையும் கம்பி பிராண்டையும் திட்டுவதில் பயனில்லை. நடப்பது இதுதான்: புது கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிக அதிகம், பிஹெச் 12.5-க்கு மேல். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பி மேல் ஒரு மெல்லிய படலம் நின்று துருவைத் தடுக்கும். காற்றில் இருக்கும் கரியமில வாயு வெளியிலிருந்து மெல்ல உள்ளே ஏறிக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். பிஹெச் 9-க்குக் கீழே போன இடத்தில் படலம் உடையும். கடலோரத்தில் உப்பின் குளோரைடு உள்ளே போய், காரம் குறையாமலே படலத்தைப் பிய்த்துவிடும். துருப்பிடித்த இரும்பு பழைய அளவைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த வீக்கம்தான் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது.

இந்த ஏற்றம் நேர்க்கோட்டில் போகாது, காலத்தின் வர்க்கமூலத்தில் போகும். கேட்கக் கணக்குப் பாடம் மாதிரி இருந்தாலும் விளைவு கையில் அடிக்கிற மாதிரி இருக்கும். 25 மி.மீ. கவரைக் (கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் கனம்) கடக்க 25 வருஷம் ஆகிற கான்கிரீட்டில், 12 மி.மீ. கவரைக் கடக்க 6 வருஷம்கூட ஆகாது. கவர் பாதியானால் ஆயுள் கால்வாசி. கம்பியை அந்த இடைவெளியில் தாங்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக்கல்லைச் செருகி, அதுவும் கான்கிரீட் போடும்போது நழுவிப்போனால், போன 10 மில்லியோடு பதினாறு வருஷம் போய்விட்டது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடலோரக் கட்டடத்தைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி நாலு எண் சொல்கிறது: குறைந்தது எம்30 கான்கிரீட் (எண் கூடக் கூடப் பலம் கூடும்), 45 மி.மீ. கவர், ஒரு கனமீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. அலைத் துளியே நேராகத் தெறிக்கிற இடம் என்றால் எம்35, 50 மி.மீ. நம் ஊரில் வழக்கமாக நடப்பது எம்20, 20 மி.மீ. கவர். ஒரு எச்சரிக்கை: 5 அங்குலத் தளத்தில் 45 மில்லி கவர் விட்டால் கம்பி நடுவுக்கு ஏறிவிடும், தளம் பலம் இழக்கும். தளத்தை 6 அங்குலமாக்கி, கம்பிக் கணக்கை இன்ஜினியரிடம் மாற்றி வாங்கிய பிறகுதான் கவரைக் கூட்ட வேண்டும். மேஸ்திரியிடம் வாயால் சொல்லி முடிகிற வேலை இல்லை.

தண்ணீர்க் கணக்கு அதைவிட எளிது, அதைவிட அதிகம் மீறப்படுவது. 50 கிலோ மூட்டைக்கு 0.45 என்றால் 22.5 லிட்டர். மணலில் ஈரம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். மிக்சரில் பக்கெட் பக்கெட்டாக ஊற்றி 35 லிட்டருக்குப் போவது சாதாரணம். அப்போது விகிதம் 0.7. கூடுதல் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் நுண்துளை, அதாவது உப்புக்கு வாசல். கலவை இறுக்கமாக இருக்கிறது, ஓடவில்லை என்று ஆள் சொன்னால் தண்ணீரைக் கூட்டாதீர்கள், கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் மருந்தைப் போடுங்கள். ஊற்றுகிற தண்ணீரையும் சோதித்துவிட வேண்டும். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு ஆகாது. கரையோர போர்வெல் பலவற்றில் இது தாண்டும். நாக்கில் உப்புக் கரிக்கிற தண்ணீர் கான்கிரீட்டுக்கு வேண்டவே வேண்டாம், கியூரிங்குக்கும் வேண்டாம். சாம்பல் கலந்த பிபிசி சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும். காலையில் ஒரு தடவை ஹோஸ் பிடித்துவிட்டுப் போவது கியூரிங் ஆகாது.

சன்ஷேடைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்துத் தொங்குகிற பலகை அது. அதனால் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடுகிறவர் அந்தக் கம்பி மேல் ஏறி நின்றால் கம்பி கீழே அமுங்கி, அடிப்பலகையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இப்போது இரண்டு கெடுதல்: பலம் இல்லை, அடியில் கவரும் இல்லை. நுனியில் 2 அங்குலம்தான் கனம். மேலே வாட்டம் இல்லாமல் மழைத் தண்ணீர் தேங்கும். அடியில் சொட்டுக்கோடு, அதாவது பூச்சு ஈரமாக இருக்கும்போதே அரை அங்குலக் கம்பி வைத்து நீளத்துக்கு இழுக்கிற பள்ளம், இல்லையென்றால் தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவர் வரை வரும். முதலில் கம்பி ஓடுகிற திசையில் மயிரிழை விரிசல், அடுத்த மழையில் பழுப்புக் கறை, அதற்கடுத்த வருஷம் தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம். விழுவது நாலாவது கட்டம். வெற்றுச் சத்தத்திலேயே கை வைத்துவிட்டால் செலவு பத்தில் ஒரு பங்கு.

கை வைக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உதிர்ந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பி மூடினால் இரண்டு மழை தாண்டாது. கம்பிக்குப் பின்னாலும் 2 செ.மீ. வரை உடைத்தெடுக்க வேண்டும். கம்பி வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்து, உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, துத்தநாகம் கலந்த பிரைமர் அடிக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் பார்வைக்குக் கொஞ்சம்தான், ஆனால் பலத்தில் 23 சதவீதம் போயிருக்கிறது. பக்கத்தில் புதுக் கம்பி கட்டியே ஆக வேண்டும். பிறகு பிணைப்புப் பூச்சு, அது காய்வதற்குள் பாலிமர் மார்ட்டர், ஒரு தடவைக்கு 10 மில்லிக்குச் சற்று மேல் என்று அடுக்கடுக்காக. இவ்வளவு செய்தாலும் இரண்டு வருஷத்தில் ஒட்டுக்குப் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். கொத்தனாரைத் திட்டுவதற்கு முன் யோசியுங்கள்: ஒட்டின் உள்ளே கம்பி இப்போது பாதுகாப்பாக இருக்கிறது, வெளியே உப்பேறிய பழைய கான்கிரீட்டில் அதே கம்பி. ஒரே கம்பியில் இரண்டு நிலைமை வந்ததும் பழைய பகுதி பேட்டரியின் கரைகிற முனை மாதிரி வேகமாகத் துருவேறும். ஆகவே வெடித்த இடத்தைத் தாண்டி, துரு நின்று சுத்தமான கம்பி தெரியும்வரை உடைப்பதுதான் கணக்கு.

புதுசாகக் கட்டுகிறவர்களுக்கு எபாக்சி பூசிய கம்பி, காரைக்குடி சிக்ரி ஆய்வகம் உருவாக்கிய சிமென்ட்-பாலிமர் பூச்சு என்று வழிகள் உண்டு. பூசிய கம்பியை வளைக்கும்போது உரிந்த இடத்தையும் வெட்டிய முனையையும் திரும்பப் பூசாவிட்டால் பூசாததைவிட மோசம்; துரு முழுக்க அந்த ஒரு புள்ளியில் குவியும். என் கருத்தில் பூச்சுக்குக் கொடுக்கும் காசை முதலில் கவருக்கும் தண்ணீர் அளவுக்கும் கொடுக்கலாம்.

மொட்டை மாடி

தளத்தின் ஆயுள் மேலே போட்டிருக்கும் தட்டோட்டிலும் சுருக்கியிலும் இருக்கிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்துப் போட்ட சுருக்கி, மேலே தட்டோடு: நல்ல கை வைத்தால் 20, 25 வருஷம். இன்று அந்த வேலை தெரிந்த ஆள் குறைவு. இப்போது சிமென்டில் போடும் சுருக்கி 12 முதல் 15 வருஷம். வெறுமனே வெள்ளை அக்ரிலிக் பூச்சு என்றால் 3, 4 வருஷம். பாலியூரித்தேன் 7, 8.

எது போட்டாலும் வாட்டம்தான் முதல். 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு இருக்க வேண்டும். வேலை முடிந்த அன்று ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குல பைப் என்பது சாதாரண மழைக்கு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி மழையில் ஒரு பைப் வாயில் ஒரு தேங்காய் மட்டை அடைத்தாலே மாடி குளம். ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு வாய் வேண்டும், கூடவே கைப்பிடிச் சுவரில் வாசல்படிக்குக் கீழான உயரத்தில் வழிந்தோட ஒரு ஓட்டை. ஒழுகல் பெரும்பாலும் நடு மாடியில் ஆரம்பிப்பதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில், அல்லது பைப் வாயைச் சுற்றி. அந்த மூலையில் கலவையை 45 டிகிரிச் சரிவாக 3 அங்குலத்துக்கு நிரப்பி, பூச்சைச் சுவரில் ஒரு அடி ஏற்றிவிட வேண்டும்.

சுண்ணாம்பு வீடுகள்

புதுச்சேரியின் பழைய தெருக்களில் நூறு வருஷம் தாண்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஆச்சுக்கல் என்ற மெல்லிய பழைய செங்கல், சுண்ணாம்புக் கலவை, தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்தி அடுக்கிப் போட்ட மெட்ராஸ் டெரஸ். இதில் ஒரு வேடிக்கை: கான்கிரீட்டுக்கு எமனான அதே கரியமில வாயுதான் சுண்ணாம்பை வருஷாவருஷம் இறுக்குகிறது. உள்ளே கம்பி இல்லை, துருப்பிடிக்க எதுவும் இல்லை.

இந்த வீடுகளைக் கொல்வது இரண்டு. ஒன்று, உத்திரத்தின் முனை. சுவருக்குள் புதைந்த ஒரு முழ நீளம் ஈரத்தில் உளுத்துப்போகும். வெளியே தெரிகிற மரம் இரும்பு மாதிரி இருக்கும். ஆணியோ ஸ்க்ரூ டிரைவரோ வைத்துச் சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பாருங்கள். சாணியில் போவது மாதிரி போனால் அன்றே முட்டுக் கொடுக்க வேண்டும். இன்னொன்று சிமென்ட். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகிக்கொண்டிருக்கும். அடிச்சுவர் உதிர்கிறதே என்று 3 அடி உயரத்துக்குச் சிமென்ட் பூசினால், ஓதம் வழி தேடி 5 அடிக்கு ஏறும். உப்பு சிமென்டுக்குப் பின்னால் படிந்து செங்கல்லையே மாவாக்கும். மூன்றாவது வருஷம் சிமென்ட் பூச்சு பலகையாகக் கழன்று விழும்போது, பின்னால் இருந்த செங்கல்லும் கூடவே வரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான். மேலே பிளாஸ்டிக் எமல்ஷனும் வேண்டாம், வெள்ளையடிப்பு போதும். அது ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வேலை வைக்கும், அதுதான் அதன் விலை.

பராமரிப்பில்லாமல் விட்டால் சுண்ணாம்பும் காக்காது. கடற்கரைச் சாலையில் 1870-களில் கட்டிய மேரி கட்டடம் (பழைய நகராட்சி அலுவலகம்) 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்தது. இன்று அங்கே நிற்பது அதே தோற்றத்தில் திரும்பக் கட்டியது, 2021-ல் திறந்தது.

கிரில், ஜன்னல், கைப்பிடி

இரும்பு கிரில் 30 வருஷம் வரும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடித்தால். அடிக்காவிட்டால் 8. முதலில் போவது கீழ்ச்சட்டம் ஜன்னல் படியில் உட்காரும் இடம். மழைத்தண்ணீரும் உப்பும் அங்கேதான் தங்கும். கிரிலைப் படியிலிருந்து அரை அங்குலம் தூக்கி மாட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பெயின்ட் அடிக்கும் முன் ஈரத்துணியால் துடைத்து உப்பை எடுத்துவிட வேண்டும். உப்பின் மேல் அடித்த பெயின்ட் உள்ளேயிருந்தே கொப்பளிக்கும். சுவருக்கும் இதே விதிதான்: மழை முடிந்த தை மாதத்தில், நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு அடித்த எமல்ஷன் 5 வருஷம் வரும், கழுவாமல் அடித்தது இரண்டரை. புதுப் பூச்சுச் சுவருக்கு நாலு வாரமாவது ஆறவிடுங்கள்.

அலுமினிய ஜன்னல் 20, 25 வருஷம். ஆனால் சட்டத்தைப் பிடிக்கச் சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்தால், உப்புத் தண்ணீர் படும்போது இரண்டு உலோகமும் பேட்டரி மாதிரி வேலை செய்து ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். ஓட்டை பெரிதாகி ஜன்னல் ஆட ஆரம்பிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் (எஸ்.எஸ்.) 316 ரகம், கிடைக்காவிட்டால் 304 ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள். மொத்த ஜன்னலுக்கும் சில நூறு ரூபாய்தான் கூடும். யுபிவிசி சட்டம் 25 வருஷம் தாங்கினாலும், உள்ளே இருக்கும் உருளையும் பூட்டும் 7, 8 வருஷத்தில் மாறும். அந்தச் சாமானை மட்டும் தனியாக விற்கிற கம்பெனியா என்று வாங்கும்போதே விசாரித்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் ஒரு உருளைக்காகக் கதவையே மாற்றச் சொல்வார்கள்.

மாடிப்படி எஸ்.எஸ். கைப்பிடியில் நடக்கும் ஏமாற்று தனி. மேக்னெட் வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள், 304 என்பார்கள். 202-ம் ஒட்டாது. 202 கடலோரத்தில் ஒரு வருஷத்தில் பழுப்புப் புள்ளி போடும். பழைய இரும்புக் கடைகளிலும் எஸ்.எஸ். வியாபாரிகளிடமும் கிடைக்கும் சோதனைச் சொட்டுத் திரவத்தை விட்டுப் பார்த்தால் நிறம் சொல்லிவிடும். அரை கிலோமீட்டருக்குள் வீடு என்றால் 304-க்கும் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீர்த் துடைப்பு வேண்டும். வெல்டிங் செய்த இடத்தைச் சரியாகப் பாலிஷ் போடாவிட்டால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

கூரைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்னங்கீற்று 2 வருஷம், பனை ஓலை 4, விழல் கனமாக வேய்ந்தால் 6, 7. மண்ணில் ஊன்றிய சவுக்குக் கால் தரைமட்டத்தில் 3 வருஷத்தில் உளுத்துவிடும். சிமென்ட் கட்டையில் இரும்புப் பட்டை வைத்து மண்ணுக்கு மேலே நிறுத்தினால் இரு மடங்கு. சீமை ஓடு 50 வருஷம், அதைத் தாங்கும் ரீப்பர் 15. கலர் ஷீட் 15 வருஷம் என்றாலும் ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் 6, 7 வருஷத்தில் வெயிலில் வெடித்துவிடும். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி ஸ்க்ரூ கழுத்து துருப்பிடிக்கும், அடுத்த புயலில் ஷீட் பறக்கும். 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பறந்த ஷீட்டுகள் கழன்றது பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான். காற்று முதலில் தூக்குவது ஓரத்தையும் முகட்டையும். அங்கே ஸ்க்ரூ இடைவெளியைப் பாதியாக்குங்கள்.

குழாய்

பழைய ஜி.ஐ. பைப் நல்ல தண்ணீரில் 20 வருஷம் வரும், உப்புத் தண்ணீரில் 8. முதலில் போவது மரை வெட்டிய இடம், துத்தநாகப் பூச்சு அங்கே சீவப்பட்டிருக்கும். சிபிவிசி 25 வருஷத்துக்கு மேல், ஆனால் வெயிலில் கிடக்கும் பிவிசி பைப் 7, 8 வருஷத்தில் கண்ணாடி மாதிரி உடையும். மாடியில் ஓடும் பைப்புக்கு வெள்ளை எமல்ஷன் இரண்டு கை அடித்தால் ஆயுள் இரட்டிப்பு. டேங்க் 12 முதல் 15 வருஷம், அடி முழுவதும் சமதளத்தில் உட்கார்ந்தால் மட்டும். இரண்டு ஆங்கிள் மேல் நிறுத்தினால் அடி தொங்கி விரியும். குழாய்க்கடையில் தூக்கிப் பாருங்கள்: பித்தளை நல்லி கனக்கும், 10 வருஷம் வரும். பளபளவென்று லேசாக இருப்பது 2 வருஷம்.

குளியலறையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கனெக்ஷன் பைப்பைத்தான். ஆங்கிள் வால்விலிருந்து வாஷ்பேசினுக்கும் கீசருக்கும் போகும் ஒன்றரை அடிப் பின்னல் பைப். வெளியே கம்பிப் பின்னல் இருப்பதால் உறுதியாகத் தெரியும். உள்ளே இருப்பது ரப்பர் குழல். பின்னல் அதைப் பிதுங்காமல் பிடிக்க மட்டும்தான். மட்டமான பின்னலில் துருப்புள்ளி வந்து ஒரு இழை அறுந்தால், அந்த இடத்தில் ரப்பர் கொப்புளமாகத் தள்ளும், ஒரு ராத்திரியில் வெடிக்கும். மேல் டேங்க் முழுவதும் வீட்டுக்குள். விரலால் தடவிப் பாருங்கள்: அறுந்த இழை குத்தினால், அல்லது நட்டு பக்கத்தில் பழுப்பு இருந்தால், மாற்ற வேண்டியதுதான். ஒன்றுமே தெரியாவிட்டாலும் 4 வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது டேங்க்கிலிருந்து இறங்கும் கேட் வால்வை மூடிவிட்டுப் போவது இலவசம். மூட வராதபடி அது இறுகிப்போயிருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பால் வால்வ் போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருகி மூடித் திறந்துவிடுங்கள்.

கீசருக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். டேங்க் அரிக்காமல் இருக்கத் தன்னை அரிக்கக் கொடுப்பது அதன் வேலை. உப்புத் தண்ணீரில் ஒன்றரை வருஷத்தில் தீர்ந்துவிடும். அதை மாற்றிக்கொண்டே வந்தால் கீசர் 10 வருஷம், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்தால் 4. டைல்ஸ் 30 வருஷம் இருக்கும். இடுக்கில் போடும் வெள்ளை சிமென்ட் 3 வருஷம்தான், குளியலறையில் எபாக்சி போட்டுவிடுங்கள். டைல்ஸை இடைவெளி இல்லாமல் நெருக்கி ஒட்டினால் ஒரு சித்திரை வெயிலில் டமாரென்று தூக்கிக்கொள்ளும், 2 மி.மீ. ஸ்பேசர் கட்டாயம்.

மரமும் மின்சாரமும்

தேக்கு நிலை 50 வருஷத்துக்கு மேல், பண்ருட்டிப் பலா வைரம் பாய்ந்ததாக இருந்தால் அதற்குக் கிட்டத்தட்ட. வெள்ளைப் பகுதி கலந்திருந்தால் கரையான் அந்த இடத்தை மட்டும் தின்றுவிட்டு மேல்தோலை விட்டுவைக்கும். கட்டும்போதே மண்ணுக்கு மருந்து அடிப்பது மலிவு: இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீத மருந்து லிட்டருக்கு 2.1 மில்லி கலந்து, தரைமண்ணுக்கு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். பக்கெட்டில் கலந்து சும்மா தெளித்துவிட்டுப் போனால் ஒரு லிட்டர்கூட இறங்காது. மொத்தப் பரப்பைப் பெருக்கிப் பார்த்து, எத்தனை லிட்டர் அடித்தார்கள் என்று நின்று எண்ண வேண்டும். சமையலறை சிங்க்குக்கு அடியில் பார்ட்டிகிள் போர்டு 3 வருஷம், ஐ.எஸ். 710 மரைன் பிளை 15.

ஒயரிங் 25 வருஷம். ஸ்விட்ச் 8. வெள்ளத்தில் மூழ்கிய ஸ்விட்ச், பிளக், எம்சிபி எதையும் வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டக்கூடாது. உள்ளே போன சேறும் உப்பும் காயாது. 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் புகுந்த வீடுகளில் இப்படி மாட்டியவை இருந்தால் இப்போதாவது மாற்றிவிடுங்கள். ஒயரை மட்டும் இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்து, 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருந்தால் விட்டுவைக்கலாம். மின்கசிவு வந்தால் தானே கரன்டை நிறுத்தும் ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள்; கடலோரத்தில் உள்ளே இறுகிப்போய், தேவைப்படும் அன்று விழாமல் நிற்கும். ஏசி வெளி யூனிட் கிழக்கு பார்த்து இருந்தால் 5 வருஷம், வீட்டின் மறைவில் மேற்கே இருந்தால் 9.

ஃபேன் 15 வருஷம் ஓடும். மெதுவாகச் சுற்றினால் 2.5 எம்எஃப்டி கெபாசிட்டர் போயிருக்கும், சத்தம் வந்தால் பேரிங். இரண்டும் சின்னச் செலவு. அந்த ரிப்பேருக்கு ஏணி போடும்போது மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தை இறக்கிவிட்டு, கான்கிரீட்டில் பதித்த கொக்கியைப் பாருங்கள். கம்பி துருவேறும் அதே தளத்தில்தான் அதுவும் பதிந்திருக்கிறது, வெளிப்புறம் பெயின்ட்கூட இல்லாமல். துரு செதிலாக உரிந்தால், கொக்கியின் வளைவு பென்சில் கனத்துக்கு இளைத்திருந்தால், ஃபேனைத் திரும்ப மாட்டாதீர்கள். பக்கத்தில் துளையிட்டு எஸ்.எஸ். ஆங்கர் போல்ட் அடித்துப் புதுக் கொக்கி போடும்வரை மேஜை ஃபேன் போதும். கொக்கி சரியாக இருந்தாலும் ராடு போல்ட்டில் ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா, இரண்டு காலும் விரித்து மடக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.